மதராஸ் பெயர் தாங்கிய மூன்று ஸ்குவாட்ரன்கள்: பேட்ஜில் டிராகன் இருக்கிறது, மதராஸ் எங்கே?

#1 கார்முகில்
பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 மூன்று ஸ்குவாட்ரன்களுக்கும் (விமானப் பிரிவுகளுக்கும்) எண்ணுக்குப் பக்கத்தில் "மதராஸ் பிரெசிடென்ஸி" என்று பெயர் இருந்தது. பேட்ஜைப் பார்த்தால் 79க்கு சாலமாண்டர் (பல்லி போன்ற பிராணி), 234க்குத் தீ கக்கும் டிராகன், 264க்கு ஒரு தலைக்கவசம். கோட்டையோ கடலோ கோபுரமோ எதுவும் இல்லை. பெயருக்கும் படத்துக்கும் தொடர்பே கிடையாதா?

மூன்றையும் 10 செ.மீ. துணிப் பேட்ஜாகத் தைக்கவும் வேண்டும். மோட்டோக்களுக்கு (பேட்ஜின் கீழே இருக்கும் வாசகங்களுக்கு) சரியான தமிழும் யாராவது சொன்னால் நல்லது.

#2 வால்சிறகு
தொடர்பு கிடையாது. பெயர் ஒரு வழியில் வந்தது, பேட்ஜ் இன்னொரு வழியில் வந்தது.

பெயர், பணம் தந்ததற்கான மரியாதை. இரண்டாம் உலகப்போரில் விமானம் வாங்க நிதி திரட்டிக் கொடுத்த பகுதியின் பெயரை ஒரு ஸ்குவாட்ரனுக்குச் சூட்டினார்கள். கொடை ஸ்குவாட்ரன் என்று அதற்குப் பெயர். பேட்ஜ் அப்படியல்ல. ஸ்குவாட்ரன் ஒரு யோசனை அனுப்பும். விமானப்படை பேட்ஜ்களுக்கென்று நியமிக்கப்பட்ட குலமரபுச் சின்ன அதிகாரி (அப்போது செஸ்டர் ஹெரால்ட் பதவியில் இருந்த ஜான் ஹீட்டன்-ஆம்ஸ்ட்ராங்) அதைத் திருத்துவார். ஓவியம் தீட்டி, மன்னர் கையெழுத்திட்ட பிறகுதான் அது பேட்ஜ். 1936ல் எட்டாம் எட்வர்ட் காலத்தில் முதல் தொகுதி கையெழுத்தானது. அதற்கு முன்பு ஆளாளுக்கு வரைந்துகொண்டதெல்லாம் அதிகாரபூர்வமற்றவை.

அதனால் கொடையாளர் பேட்ஜுக்குள் வருவதும் வராததும் ஸ்குவாட்ரன் என்ன கேட்டது என்பதைப் பொறுத்தது. 152 (ஹைதராபாத்) நேரடியாக நிஜாமின் தலைப்பாகையையே வைத்துக்கொண்டது. மோட்டோ "விசுவாசமான கூட்டாளி". 92 (ஈஸ்ட் இந்தியா) பேட்ஜில் ஒரு நாகம் மேப்பிள் இலைக் கொத்தைச் சுற்றியிருக்கும். நாகம் கொடைக்கு, மேப்பிள் முதல் உலகப்போர்க் காலத்துக் கனடாக்காரர்களுக்கு. மதராஸ் மூன்றும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

#3 கார்முகில்
அப்படியானால் டிராகன் எதற்கு?

#4 வால்சிறகு
சிலேடை. 234 திரும்ப அமைக்கப்பட்டது 1939 அக்டோபரில். 1940 மார்ச்சில் கைக்கு வந்த விமானம் ஸ்பிட்ஃபயர். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: துப்பு, தீ. தீயைத் துப்பும் மிருகம் டிராகன். மோட்டோவும் அதையே லத்தீனில் சொல்கிறது: "இக்னெம் மோர்ட்டெம்க்வெ டெஸ்புயிமுஸ்". 264ம் அதே ரகம். அவர்கள் ஓட்டியது டிஃபயன்ட், மோட்டோ "வி டிஃபை" (நாங்கள் பணிய மாட்டோம்).

புதிதாகப் பேட்ஜ் படிப்பவர்கள் செய்யும் தவறு, மிருகத்தின் குணத்திலிருந்து ஆரம்பிப்பது. "சேவல், அதனால் வீரம்" என்று எழுதிவிடுகிறார்கள். 43வது ஸ்குவாட்ரனின் சண்டைச்சேவல் அவர்கள் ஓட்டிய குளோஸ்டர் கேம்காக் விமானத்தின் பெயர். 19வதின் டால்ஃபினுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. சாப்வித் டால்ஃபின் என்ற விமானம். 99வதின் பூமா, ஒரு இன்ஜினின் பெயர். 101வதில் கோட்டைக் கொத்தளத்திலிருந்து சிங்கம் எழுகிறதே, அந்தக் கோபுரம் ஓவர்ஸ்ட்ராண்ட் விமானத்தின் சுழலும் துப்பாக்கிக் கூண்டு. விசையால் சுழலும் கூண்டுள்ள குண்டுவீச்சு விமானத்தோடு முதலில் பறந்தவர்கள் அவர்கள். முதலில் விமானப் பட்டியலைப் பாருங்கள், அடுத்து ஊர்ப் பட்டியலை. இரண்டிலும் கிடைக்காவிட்டால்தான் குணம்.

#5 மேகநாதம்
அப்படியானால் 79வதின் சாலமாண்டரும் விமானப் பெயர்தான். சாப்வித் சாலமாண்டர் என்று 1918ல் ஒன்று இருந்தது.

#6 வால்சிறகு
இருந்தது, கவசம் போட்ட தரைத்தாக்குதல் விமானம். ஆனால் 79 அதை ஓட்டவில்லை. முதல் உலகப்போரில் 79 ஓட்டியது டால்ஃபின். என் விதி வழுக்கும் இடம் இதுதான்: பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது, அந்த ஸ்குவாட்ரன் அந்த விமானத்தை ஓட்டியிருக்க வேண்டும். 79க்குக் குணத்தைத்தான் பார்க்க வேண்டும். நெருப்பில் நடந்தாலும் வேகாத பிராணி என்று இடைக்கால ஐரோப்பாவில் சாலமாண்டரை நம்பினார்கள். "நில் நோபிஸ் ஒப்ஸ்தாரெ போதெஸ்த்" (எங்களைத் தடுக்க எதுவுமில்லை) என்ற மோட்டோவோடு அது ஒட்டுகிறது.

ஒரு கொசுறு: மூன்றில் இந்தியப் பக்கம் வந்து சண்டையிட்டது 79. 1942ல் வந்தது, பர்மா முனையில் ஹரிக்கேன், பிறகு தண்டர்போல்ட்.

#7 ஏட்டுச்சுவடி
மோட்டோக்களுக்கு வருகிறேன். 234க்கு எல்லா இடத்திலும் "நாங்கள் தீயையும் சாவையும் கக்குகிறோம்" என்றே போடுகிறார்கள். லத்தீன் வினை "டெஸ்புவெரெ". துப்புவது அதன் முதல் பொருள். வெறுத்து ஒதுக்குவது, காறித் துப்புவது அடுத்த பொருள். ஆகவே "தீயையும் சாவையும் துச்சமாக எண்ணுகிறோம்" என்றும் அந்த வாக்கியத்தைப் படிக்கலாம். ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "உமிழ்" இரண்டையும் தாங்கும்: தீ உமிழ்தலும் உண்டு, காறி உமிழ்தலும் உண்டு. "தீயும் சாவும் உமிழ்வோம்" என்று போடுங்கள். "கக்குகிறோம்" வேண்டாம், வாந்தி ஞாபகம் வரும்.

79க்கு ஒரு எச்சரிக்கை. "எதுவும் நம்மைத் தடுக்க முடியாது" என்று ஒரு மொழிபெயர்ப்பு சுற்றுகிறது. லத்தீனில் "நோபிஸ்" ஒன்றுதான், நாம்/நாங்கள் பிரிவு கிடையாது. தமிழில் உண்டு. மோட்டோ எதிரியைப் பார்த்துப் பேசுகிறது. எதிரியையும் சேர்த்து "நம்மை" என்றால் சிரிப்பாகிவிடும். "எங்களைத் தடுக்க எதுவுமில்லை" சரி.

264க்கு "பணியோம்". ஒரே சொல். விமானப் பெயரோடான சிலேடை தமிழில் போய்விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

#8 மேகநாதம்
லத்தீன் மோட்டோ எல்லாமே பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கும். 19வதுக்கு "போஸுன்த் க்வியா போஸெ விதெந்துர்", அதாவது தங்களால் முடியும் என்று நினைப்பதால் அவர்களால் முடிகிறது. தன்னம்பிக்கைப் போஸ்டர் வாசகம்!

#9 ஏட்டுச்சுவடி
இடம் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். அது வெர்ஜிலின் ஈனிட், ஐந்தாம் காண்டம், படகுப் பந்தயம். பின்தங்கியிருந்த படகு முன்னேறத் தொடங்குகிறது, துடுப்புக்காரர்களுக்கு வேகம் பிடிக்கிறது, அப்போது வரும் வரி. "விதெந்துர்" என்றால் "தோன்றுகிறார்கள்" என்றும் பொருள். யாருக்குத் தோன்றுகிறது? தங்களுக்கா, பார்ப்பவர்களுக்கா? வெர்ஜில் சொல்லவில்லை. போஸ்டர் வாசகம் அவ்வளவு நுணுக்கமாக இருக்காது. 101வதின் "மென்ஸ் ஆகிதாத் மோலெம்" (மனம் பொருளை அசைக்கிறது) அதே நூலின் ஆறாம் காண்டம்.

நம் விமானப்படையின் "நபஸ்ப்ருஷம் தீப்தம்" இதைவிடச் சுவையானது. கீதை 11ம் அத்தியாயம், 24ம் சுலோகம். பலரும் "புகழோடு வானைத் தொடு" என்று கட்டளை போல மொழிபெயர்க்கிறார்கள். அங்கே வினையே இல்லை. "வானைத் தொடுகிற, ஒளிர்கிற" என்ற இரண்டு அடைமொழிகள், இரண்டாம் வேற்றுமையில். "உன்னைக் கண்டு" என்பதோடு சேர்வன. சொல்பவன் விஸ்வரூபம் பார்த்து நடுங்கி நிற்கும் அர்ஜுனன். அதே சுலோகம் "எனக்குத் தைரியமும் இல்லை, அமைதியும் இல்லை" என்று முடிகிறது. பறப்பவனுடைய வாக்கு இல்லை இது. அவனைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிறவனுடைய வாக்கு. போர்ப்படைக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது என்பது என் எண்ணம். தேர்ந்தெடுத்தவர்கள் அவ்வளவு யோசித்தார்களா என்பது வேறு.

#10 பஞ்சவர்ணம்
தைப்பவருக்கு முக்கியமானது ஒன்று. பேட்ஜில் சட்டபூர்வமானது சொல் வடிவ வர்ணனை. படம் அதற்கு ஒரு விளக்கம்தான். 234க்கு வர்ணனை, "எழுந்து நிற்கும் டிராகன், வாயிலிருந்து தீ". 79க்கு "பாயும் சாலமாண்டர்". இந்த இரண்டு நிலைகளும் வேறு வேறு. எழுந்து நிற்கும் நிலை, "ரேம்பன்ட்", என்றால் ஒரு பின்கால் மட்டும் தரையில், மற்ற மூன்றும் காற்றில். பாயும் நிலை, "சேலியன்ட்", என்றால் பின்கால்கள் இரண்டும் தரையில், முன்கால்கள் இரண்டும் சேர்ந்து உயர்ந்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். டிராகனின் கொம்பு எத்தனை, வால் எத்தனை சுருள் என்பதெல்லாம் ஓவியர் இஷ்டம். கால்கள் இஷ்டமில்லை.

திசையும் இஷ்டமில்லை. மிருகம் கேடயம் ஏந்தியவனின் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிற நமக்கு அது இடப்பக்கம். சாஃப்ட்வேரில் தெரியாமல் திருப்பிவிட்டால் மிருகம் புறமுதுகு காட்டுவதாக அர்த்தம்.

#11 கார்முகில்
விமானத்தில் வலப்பக்கம் வரைந்திருப்பது பல படங்களில் திரும்பியிருக்கிறதே?

#12 பஞ்சவர்ணம்
அது விதிவிலக்கு. விமானத்தின் வலப்பக்கத்தில் அப்படியே வரைந்தால் மிருகம் வாலைப் பார்க்கும், பின்னோக்கிப் பறப்பதுபோல. அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் திருப்பிப் போடுவது வழக்கம். துணிப் பேட்ஜுக்கு இது பொருந்தாது.

#13 மேகநாதம்
பேட்ஜின் உச்சியில் இருக்கும் கிரீடத்தைப் பார்த்து வருடம் சொல்லிவிடலாம். வளைவு உருண்டையாக எழுந்தால் டியூடர் கிரீடம், 1953க்கு முன். நடுவில் குழிந்தால் செயின்ட் எட்வர்ட் கிரீடம், அதற்குப் பின்.

#14 வால்சிறகு
பாதி சரி. 2022ல் மூன்றாம் சார்லஸ் மீண்டும் டியூடர் வடிவத்தையே எடுத்தார். இப்போது உருண்டை வளைவைக் கண்டால் பழையதும் ஆகலாம், நேற்றுத் தைத்ததும் ஆகலாம். ஆறாம் ஜார்ஜ் காலத்திலேயே கலைக்கப்பட்ட ஸ்குவாட்ரனுக்குப் புதுக் கிரீடம் போட்டு விற்பதும் நடக்கிறது. கிரீடத்தோடு நூலையும் பாருங்கள். புற ஊதா விளக்கில் வெள்ளை நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் ஒளிர்வூட்டும் ரசாயனம் இருக்கிறது. போருக்கு முந்தைய சரக்கு என்று சொல்லி விற்றால் அப்போது சந்தேகப்படுங்கள். வெளுப்புச் சோப்பில் துவைத்த பழைய துணியும் ஒளிரும், எனவே அது ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இந்தியப் பேட்ஜ்களில் இந்தக் குழப்பம் குறைவு. சட்டகம் பிரிட்டிஷ் மரபுதான்: வளையம், இலைமாலை, கீழே மோட்டோ நாடா. மேலே கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது.

#15 நூல்கண்டு
10 செ.மீ. என்று கேட்டிருக்கிறீர்கள். 264க்குப் போதும், 234க்குப் போதாது. கணக்கு இதோ.

10 செ.மீ. உயரப் பேட்ஜில் மோட்டோ நாடாவில் எழுத்து நிற்க 7.5 செ.மீ. அகலம்தான் கிடைக்கும். 234 மோட்டோவில் 23 எழுத்து, 2 இடைவெளி. ஆக ஒரு எழுத்துக்கு 3 மி.மீ. உயரம் 4 மி.மீ.யைத் தாண்டாது. 40ம் எண் நூலில் 5 மி.மீ.க்குக் கீழே போனால் எழுத்தின் வயிறு மூடிக்கொள்ளும். க்யூவும் ஓவும் ஒரே மாதிரி உருண்டையாகிவிடும். மூன்று வழிகள்:

பேட்ஜை 13 செ.மீ. ஆக்குங்கள். நாடா 9.75 செ.மீ. ஆகும், எழுத்துக்கு 3.9 மி.மீ., உயரம் 5 மி.மீ. வரை வரும். அல்லது மோட்டோவுக்கு மட்டும் 60ம் எண் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் போடுங்கள் (மற்றதற்கு 75/11). அல்லது தையலை விட்டுவிட்டு நெசவுப் பேட்ஜாகச் செய்யச் சொல்லுங்கள். நுணுக்கம் அதில்தான் நன்றாக வரும், ஆனால் எடுப்பு இருக்காது, தட்டையாகத் தெரியும். மூன்றும் ஒரே அளவில் வரிசையாக மாட்ட வேண்டுமென்றால் மூன்றையுமே 13 ஆக்குவதுதான் அழகு.

மோட்டோவைத் தமிழில் தைக்கப் போகிறீர்களானால் இன்னும் கவனம். "ணி", "யோ" போன்றவற்றில் கொக்கியும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். 7 மி.மீ.க்குக் குறையாதீர்கள். புள்ளியின் விட்டம் குறைந்தது 1 மி.மீ. இல்லாவிட்டால் அது துணிக்குள் புதைந்து "ம்" எல்லாம் "ம" ஆகிவிடும். தேவநாகரியிலும் இதே கதை. மேற்கோட்டை எழுத்து எழுத்தாகத் தைத்தால் இடையிடையே விட்டுவிடும். முழு நீளத்துக்கும் ஒரே கோடாகக் கடைசியில் தையுங்கள்.

வட்டத்தின் உள்வெளி வெறும் வெள்ளைதான். அதை நூலால் நிரப்பாதீர்கள். வெள்ளை ட்வில் துணியையே விட்டுவிடுங்கள். நிரப்பினால் துணி சுருங்கி, சுற்றியுள்ள வளையம் முட்டை வடிவமாகும். முதல் மாதிரியில் வட்டம் வட்டமாக வராததற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுதான்.

வரிசை: நடுவில் இருக்கும் மிருகம் முதலில், பிறகு இலைமாலை, வளையம், கிரீடம், எழுத்து கடைசி. வெளியிலிருந்து உள்ளே போனால் துணி நடுவில் குவிந்து டிராகனுக்குத் தொப்பை விழும். அடியில் வெட்டி எடுக்கும் வகை பக்ரம் இரண்டு அடுக்கு. கிழித்து எடுக்கும் வகை இவ்வளவு அடர்த்தியைத் தாங்காது. சாட்டின் தையல் 7 மி.மீ.க்கு மேல் நீண்டால் பட்டனில் மாட்டி இழுபடும், அதனால் டிராகன் இறகை நடுவில் பிரித்துத் தையுங்கள். இழுப்புக்கு ஈடாக ஒவ்வொரு பட்டையையும் 0.3 மி.மீ. அகலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

#16 கார்முகில்
மிக்க நன்றி சார். 13 ஆகவே போட்டுவிடுகிறேன். இதோடு சூலூரில் மறுபடி அமைந்த இந்திய விமானப்படையின் 18வது ஸ்குவாட்ரனையும் சேர்க்கலாமா?

#17 வால்சிறகு
18 "ஃப்ளையிங் புல்லட்ஸ்". 1965 ஏப்ரல் 15ல் அமைக்கப்பட்டது, மோட்டோ "தீவ்ர் அவுர் நிர்பய்", வேகமும் அஞ்சாமையும். நிர்மல் ஜித் சிங் சேக்கோன் இந்த ஸ்குவாட்ரன். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர், பரம் வீர் சக்ரா. 2020 ஏப்ரல் 1ல் சூலூரில் மறுபடி உயிர்பெற்று, மே 27ல் தேஜஸோடு செயல்பாட்டுக்கு வந்தது. தஞ்சாவூரில் அதே ஆண்டு ஜனவரி 20ல் 222 "டைகர்ஷார்க்ஸ்", சுகோய்-30. மதராஸ் மூன்றுக்கும் தமிழ்நாடு பெயரளவில் மட்டும். இவை இரண்டும் இந்த மண்ணிலேயே மறுபடி உயிர்பெற்றவை.

#18 மேகநாதம்
அரக்கோணம் ராஜாளியை விட்டுவிட்டீர்களே, அதுவும் ஸ்குவாட்ரன்தானே? பெயரே தமிழ்.

#19 பஞ்சவர்ணம்
இல்லை அண்ணே. ஐஎன்எஸ் ராஜாளி கடற்படையின் விமானத் தளம், 1992 மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து பறக்கும் ஸ்குவாட்ரன் 312, பெயர் "ஆல்பட்ராஸ்". முன்பு டு-142, 2013 முதல் பி-8ஐ. மணிக்கணக்கில் நீர்ப்பரப்பின் மேல் சுற்றும் கடலோடி விமானத்துக்கு ஆல்பட்ராஸ் கச்சிதம். இறக்கையை அதிகம் அடிக்காமலே நாள் முழுக்க மிதக்கும் பறவை அது. தளத்துக்குத்தான் தமிழ்ப் பறவை. உச்சிப்புளியில் இருப்பதும் தளம்தான், 2009ல் ஐஎன்எஸ் பருந்து ஆனது. தளத்துக்கு ஒரு சின்னம், ஸ்குவாட்ரனுக்கு ஒரு சின்னம்; இரண்டையும் கலந்து ஒரே துணியில் தைத்துவிடாதீர்கள்.

#20 மேகநாதம்
சரி, ஒப்புக்கொண்டேன். எல்லோரும் கொண்டாடும் பிரிட்டிஷ் 617வது ஸ்குவாட்ரன் பற்றி ஒருவரும் பேசவில்லையே? உடைந்த அணை, மின்னல், வெள்ளம், "ஆப்ரே முவா லெ தெலூஜ்". சிறந்த பேட்ஜ் அதுதான் என்பது என் கட்சி.

#21 ஏட்டுச்சுவடி
வரைகலையில் சிறந்தது, சந்தேகமில்லை. குறுக்கே ஒரு சுவர், அதைப் பிளக்கும் மூன்று மின்னல், பிளவில் நீர். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். 1943 மே 16-17 இரவில் ஜெர்மனியின் ரூர் அணைகள் மீது அவர்கள் நடத்திய தாக்குதல். பத்து நாளில், மே 27 அன்று ஆறாம் ஜார்ஜ் அவர்களுடைய ஸ்காம்ப்டன் தளத்துக்கு வந்தபோது இரண்டு வரைவுகளைக் காட்டினார்கள். சங்கிலியை உடைக்கும் சுத்தியலும் "வரைபடத்தை மாற்று" என்ற மோட்டோவும் தோற்றன.

ஆனால் மோட்டோவில் எனக்கு உறுத்தல் உண்டு. "எனக்குப் பிறகு பிரளயம்" என்பது பதினைந்தாம் லூயியின் அரசவையோடு சேர்த்துச் சொல்லப்படும் வாக்கு, மதாம் த பொம்பதூர் பேரில். அங்கே அதற்குப் பொருள் "நான் போன பின் எக்கேடு கெட்டால் என்ன". அணை உடைந்து கீழே இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், அவர்களில் பலர் கட்டாயத் தொழிலாளர்கள். விமானப் பக்கம் புறப்பட்ட 19ல் 8 திரும்பவில்லை, 53 பேர் மாண்டார்கள். சிலேடை கூர்மையானது, ஆனால் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

#22 மேகநாதம்
சிலேடையாகத்தான் வைத்தார்கள், தத்துவமாக இல்லை. இருந்தாலும் கட்டாயத் தொழிலாளர் விஷயத்துக்கு என்னிடம் பதிலில்லை.

#23 நூல்கண்டு
கார்முகில், 18வதைச் சேர்ப்பதற்கு முன் ஒன்று. அசோகச் சிங்கம் அரசுச் சின்னம். 2005ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பனைக்கு என்றால் சிங்கத்தை எடுத்துவிட்டு வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் தையுங்கள். பிரிட்டிஷ் பேட்ஜ்களுக்கும் அவர்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு எப்படியும் 13தான். டிராகன் கோப்பு தயாரானதும் தைப்பதற்கு முன் இங்கே போடுங்கள், பின்காலைப் பார்த்துச் சொல்கிறேன்.

#24 பஞ்சவர்ணம்
ஒரு பின்கால், நினைவிருக்கட்டும்.